மரத்துக்கும் கண்ணாடிக்கும் ஒரே மெஷின் போதுமா? ரோட்டரி டூல் பத்தி வாசகர் கேள்விகள்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ரோட்டரி டூல் பத்திதான், அதாவது பிட்னு சொல்ற சின்ன வெட்டு முனையை மாட்டி வேகமா சுத்த விட்டு செதுக்குற கை மெஷின். எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து பதில் சொல்லிடலாம்னு எடுத்துக்கிட்டோம். பேர் போட வேணாம்னு சிலர் எழுதியிருந்ததால யார் பேரும் போடல, ஊர் மட்டும்தான்.

கேள்வி: வேப்ப மரத்துல சின்ன சின்ன சாவி மாட்டி, நேம் போர்டு எல்லாம் செஞ்சு விக்கிறேன். இப்ப கல்யாண ரிட்டர்ன் கிஃப்டுக்கு கண்ணாடி பாட்டில்ல பேர் போட்டுத் தர முடியுமான்னு கேக்குறாங்க. கடையில ரெண்டு காமிச்சாங்க. ஒண்ணு பேனா மாதிரி, யூ.எஸ்.பி.ல சார்ஜ் போடுறது. இன்னொண்ணு வயர் வெச்ச பெரிய மெஷின், கூடவே 100 பிட் உள்ள பெட்டி. எதை வாங்கட்டும் சார்? ரெண்டு வேலைக்கும் ஒண்ணு போதுமா? (ஈரோடு வாசகி)

பதில்: ஒண்ணு போதும்மா, ஆனா அந்த ஒண்ணை நாலு விஷயம் பாத்து எடுக்கணும், அந்த நாலுல வாட் கடைசிதான், கடைக்காரர் முதல்ல சொல்றது வாட்டா இருக்கும், அதை நம்பி முடிவு பண்ணாதீங்க.

முதல்ல வேகம். எல்லாரும் அதிகபட்சம் எவ்வளவுன்னு பாப்பாங்க, 30,000, 35,000 ஆர்.பி.எம்னு, அதாவது நிமிஷத்துக்கு அத்தனை சுத்து. நீங்க பாக்க வேண்டியது குறைஞ்சபட்சம் எவ்வளவுன்னு. ஏன்னா மரத்துக்கு வேகம் ஜாஸ்தி வேணும், 20,000-க்கு மேல ஓடினாதான் நார் பிஞ்சு நிக்காம சுத்தமா வெட்டும். கண்ணாடிக்கு அப்படியே நேர் எதிர். 5,000-ல இருந்து 15,000-க்குள்ள இருந்தா போதும், அதுக்கு மேல போனா சூடாகும், சூடு தணிய நாம தடவுற தண்ணி தெறிச்சுப் போயிடும், பிட்டும் கண்ணாடி மேல நிக்காம வழுக்கி ஓடும். அதனால 5,000-ல ஆரம்பிச்சு மேல போற, டயல் திருப்பி வேகம் மாத்துற மெஷினா பாருங்க. உதாரணத்துக்கு டிரெமல் 4000-ன்னு ஒரு மாடல் இருக்கு, 175 வாட், 5,000-ல இருந்து 35,000 வரைக்கும். அதைத்தான் வாங்கணும்னு சொல்ல வரல, வேற கம்பெனியிலயும் இதே மாதிரி கிடைக்குது, இந்த அளவை மனசுல வெச்சுக்கிட்டு டப்பாவைப் படிங்க. சில விலை கம்மி மெஷின் 8,000, 10,000-லதான் ஆரம்பிக்கும், மரத்துக்கு அது பரவாயில்ல, கண்ணாடியில பேர் எழுதக் கஷ்டப்படுவீங்க.

ரெண்டாவது காலெட். பிட்டைக் கவ்விப் பிடிக்கிற அந்த சின்ன பித்தளை இல்ல ஸ்டீல் துண்டு. மெஷினோட உயிரே அங்கதான் இருக்கு, ஆனா யாரும் அதைத் திரும்பிக்கூட பாக்கிறதில்ல. பெரும்பாலான மெஷின்ல 3.2 மில்லிமீட்டர் காலெட் வரும். கடையில விக்கிற சைனா டைமண்ட் பிட் செட் பல சமயம் 3 மில்லி காம்பு (காலெட்டுக்குள்ள போற தண்டு) இல்லன்னா 2.35 மில்லி காம்பு. 3 மில்லி காம்பை 3.2 காலெட்ல போட்டா இறுக்கினதும் பிடிச்ச மாதிரிதான் தெரியும், ஆனா மையம் விலகி ஆடும், அந்த ஆட்டம் கண்ணாடியில கோடு பட்டையா விழறதுக்கும் ஓரம் பேந்து வர்றதுக்கும் காரணமாயிடும். 2.35 காம்புக்கு 2.4 மில்லி காலெட் தனியா வாங்கிக்கோங்க, சின்ன செலவுதான். கையாலயே இறுக்குற மூணு தாடை சக் வருது, 0.8-ல இருந்து 3.2 மில்லி வரைக்கும் எதையும் பிடிக்கும், வசதி, ஆனா நுணுக்க வேலைக்கு நான் காலெட்தான் சொல்லுவேன், ஆட்டம் கம்மி. இன்னொண்ணு, உள்ள பிட் இல்லாம காலெட் நட்டை இறுக்காதீங்க, காலெட் நசுங்கிடும்.

மூணாவது, கடையிலயே ஓட்டிப் பாக்குறது. மெலிசான ஒரு பிட்டை மாட்டச் சொல்லி ஓட விட்டு நுனியைப் பாருங்க. ஒரே புள்ளியா நின்னு சுத்தினா நல்ல மெஷின். நுனி மங்கலா ஒரு சின்ன வட்டம் போடுற மாதிரி தெரிஞ்சா வேற பிட் மாட்டிப் பாருங்க, அப்பவும் அப்படியே இருந்தா வேற பீஸ் கேளுங்க. கையில அதிர்வு எவ்வளவு வருதுன்னும் பாத்துக்கோங்க, ரிட்டர்ன் கிஃப்டுன்னா 50, 100 பாட்டில்னு வரும், அதிர்ற மெஷினைப் பிடிச்சுக்கிட்டு அவ்வளவு எழுதினா விரல் மரத்துப் போயிடும். கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள்ள கரண்ட் குடுக்கிற கரித்துண்டு) மூடி வெளியவே இருக்கான்னும் ஒரு பார்வை, இருந்தா பிரஷ் தேஞ்சதும் நாமளே மாத்திக்கலாம்.

நாலாவதுதான் வாட். 130 வாட்டுக்கு மேல இருந்தா சின்ன மர வேலைக்குத் தாராளம். பேனா மாதிரி யூ.எஸ்.பி. மெஷின் இருக்கே, அது கண்ணாடியில பேர் எழுத ஆகும், லேசா இருக்கும், கை வலிக்காது. ஆனா வேப்ப மரத்துல கொஞ்சம் அழுத்தினா நின்னுடும். உங்க முதல் தொழில் மரம், அதனால வயர் வெச்சதை வாங்குங்க, கூடவே ஃப்ளெக்ஸிபிள் ஷாஃப்ட் ஒண்ணு, நீள வயர் மாதிரி வளையும், நுனியில கைப்பிடி இருக்கும். மெஷினை ஆணியில தொங்க விட்டுட்டு பென்சில் மாதிரி கைப்பிடியை மட்டும் பிடிச்சு வேலை செய்யலாம், கரண்ட் ஓடுற பகுதி தண்ணிகிட்டயே வராது. 100 பிட் பெட்டி வேணாம், அதைப் பத்தி கீழ இன்னொருத்தர் கேட்டிருக்காங்க.

கேள்வி: எங்க அப்பா நகை ஆசாரி. வீட்டுல தொங்க விட்ட மோட்டார், கால் பெடல், நீள வயர் மாதிரி ஷாஃப்ட் எல்லாம் இருக்கு. இதை வெச்சு மரம் செதுக்கலாமா, இல்ல தனியா ரோட்டரி டூல் வாங்கணுமா? (கோயம்புத்தூர்)

பதில்: தம்பி, வீட்டுலயே பொக்கிஷத்தை வெச்சுக்கிட்டு கடைக்குப் போகாதீங்க. மத்தவங்க ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் தனியா வாங்கி மாட்டி எதைச் செய்யப் பாக்குறாங்களோ அது உங்ககிட்ட ஏற்கனவே இருக்கு. அமெரிக்காவுல ஃபோர்டம்னு ஒரு கம்பெனி 1922-ல இருந்து இந்த வகை மோட்டாரைச் செய்யுது, நகைத் தொழில்ல உலகம் பூரா பேர் வாங்கினது, மரம் செதுக்குறவங்களும் அதையேதான் பயன்படுத்துறாங்க. இந்த மோட்டாரோட வேகம் பொதுவா 18,000 கிட்ட, ரோட்டரி டூலை விடக் கம்மி, ஆனா இழுவை ஜாஸ்தி, அழுத்தினாலும் சீக்கிரம் நிக்காது. கால் பெடல் இருக்கிறதால வேகம் உங்க பாதத்துல இருக்கும், கை ரெண்டும் வேலையில. கண்ணாடிக்கு அது பெரிய சௌகரியம்.

ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க. ஷாஃப்டை ரொம்ப மடக்கி வளைச்சு ஓட்டினா உள்ள இருக்கிற கம்பி சூடாகி அறுந்துடும், மோட்டாரைக் கொஞ்சம் உயரத்துல மாட்டி ஷாஃப்ட் பெரிய வளைவா தொங்கற மாதிரி வெச்சுக்கோங்க, அப்பப்ப கிரீஸ் போடுங்க. அப்புறம் மரத்தூள் போற இடத்துல அப்பாவோட தங்கத்தூள் சேகரிக்கிற மேஜை இருக்கக் கூடாது. அந்த மேஜையில மரம் செதுக்கினா தூளைப் பிரிச்செடுக்கவே அவருக்கு ஒரு நாள் போயிடும், அவர்கிட்ட கேட்டுட்டு வேற இடம் பாத்துக்கோங்க.

கேள்வி: பாத்திரக் கடையில பேர் வெட்டுற மெஷின் வெச்சு கண்ணாடி டம்ளர்ல பேர் போட முடியுமா? (மதுரை)

பதில்: முடியும், ஆனா எல்லா டம்ளர்லயும் இல்ல. அது சுத்துற மெஷின் இல்ல, தட்டுற மெஷின். உள்ள ஒரு காயில் இருக்கு, கரண்ட் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ரெண்டு தடவை ஊசியை இழுத்து விடும், நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 சைக்கிள், அதனால நிமிஷத்துக்கு 6,000 தட்டு. எவர்சில்வர் அந்தத் தட்டைத் தாங்கிக்கிட்டு பள்ளமாகும். கண்ணாடி பள்ளமாகாது, ஒவ்வொரு தட்டுக்கும் பொடியா பேந்து வரும், அதனால கோடு புள்ளி புள்ளியா வெள்ளையா விழும். அடி கனமான பாட்டில், பேப்பர் வெயிட் இதுக்கெல்லாம் கார்பைடு ஊசி இல்ல டைமண்ட் ஊசி போட்டு, தட்டுற அளவைக் குறைச்சு வெச்சு எழுதலாம். மெலிசான டம்ளர்ல வேணாம், விரிசல் விட்டுடும். அழகா நிழல் குடுத்து பூ, மயில் எல்லாம் போடணும்னா சுத்துற மெஷின்தான்.

கேள்வி: வீட்டுல டிரில் மெஷின் சும்மா கிடக்குது. அதுல பிட்டை மாட்டினா ஆகாதா? (திருநெல்வேலி)

பதில்: ஆகாதுங்க. வீட்டு டிரில் 2,500, 3,000 சுத்துதான். கணக்குப் போட்டுப் பாருங்க, 3 மில்லி உருண்டை பிட் 3,000 சுத்துல ஓடினா அதோட விளிம்பு வினாடிக்கு அரை மீட்டர் கூட நகராது, அதே பிட் 30,000 சுத்துல நாலரை மீட்டருக்கு மேல நகரும். மெதுவா போற பல்லு மரத்தை வெட்டாது, பிச்சு எடுக்கும். அது போக டிரில்லோட பேரிங் நேரா அழுத்துறதுக்குச் செஞ்சது, பக்கவாட்டுல தள்ளித் தள்ளி வேலை வாங்கினா சக் ஆட ஆரம்பிச்சுடும்.

கேள்வி: 100 பிட், 200 பிட்னு செட் ஆன்லைன்ல வருதே, அது வாங்கினா எல்லா வேலைக்கும் ஆயிடுமா? எதெல்லாம் அவசியம்? (செங்கல்பட்டு வாசகி)

பதில்: அந்தப் பெட்டியில பாதி சின்ன சின்ன வெட்டு டிஸ்க்கும் உப்புத்தாள் சுருளும்தான், எண்ணிக்கை ஏத்துறதுக்காக வெச்சது. நீங்க தினம் தொடப்போறது ஆறு ஏழு பிட்தான், அதை நல்லதா வாங்குங்க. மெஷின்ல கொஞ்சம் மிச்சம் பிடிச்சாக்கூட பரவாயில்ல, பிட்ல மிச்சம் பிடிக்காதீங்க.

மரத்துக்கு கார்பைடு பர் (கடினமான பல்லு வெச்ச பிட்), உருண்டை ஒண்ணு, கூம்பு ஒண்ணு. நுணுக்கத்துக்கு 1 மில்லி, 2 மில்லி ஹைஸ்பீடு ஸ்டீல் கட்டர். 13 மில்லி உப்புத்தாள் டிரம், சொரசொரப்பு நம்பர் 60-ம் 120-ம். இவ்வளவுதான். தேக்குல வேலை செய்யறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், தேக்கு மரத்துக்குள்ளயே சிலிக்கா இருக்கு, மணல் துகள் மாதிரி, அதனால ஸ்டீல் கட்டர் சீக்கிரம் மொக்கை ஆகும், அங்க கார்பைடுதான் தாங்கும். மரம் கருகுற வாசனை வந்தா ஒண்ணு பிட் மொக்கை, இல்லன்னா ஒரே இடத்துல நின்னுட்டீங்க, இல்லன்னா பல்லு நடுவுல தூள் அடைச்சிருக்கு, மெஷினை நிறுத்தி பித்தளை பிரஷ்ஷால தட்டி விடுங்க. அழுத்தி வெட்டாதீங்க, லேசா பல தடவை தடவுற மாதிரி போங்க. பிட் சுத்துறப்ப கையை ஒரு பக்கமா இழுக்கும், அந்த இழுப்போட போனா மெஷின் ஓடிடும், இழுப்புக்கு எதிரா நகர்த்தினா கட்டுப்பாடு உங்க கையில இருக்கும்.

கண்ணாடிக்கு முக்கியமா டைமண்ட்தான். ஸ்டீல் கட்டர் வழுக்கிட்டுப் போகும். சின்ன உருண்டை 1 மில்லி, நடுத்தர உருண்டை 2.5 மில்லி, தீச்சுடர் வடிவம் ஒண்ணு, நிரப்பறதுக்கு சிலிக்கான் கார்பைடு கல் ஒண்ணு. விலை கம்மி டைமண்ட் பிட்ல ஸ்டீல் மேல நிக்கல் பூசி அதுல ஒரே ஒரு அடுக்கு வைரத்தூளை ஒட்ட வெச்சிருப்பாங்க, அந்த அடுக்கு போனா பிட் முடிஞ்சுது. சூடு பட்டா அது சீக்கிரமே உதிரும், அதனாலதான் தண்ணி. டைமண்ட் பிட்டை மரத்துல போடாதீங்க, பிசின் அடைச்சு வீணாயிடும். வெட்டு டிஸ்க் போடுறவங்க டப்பாவுல போட்ட அளவை விடப் பெருசா போடவே போடாதீங்க. 38 மில்லி டிஸ்க் 35,000 சுத்துல ஓடும்போது விளிம்பு வினாடிக்கு 70 மீட்டர் கிட்ட போகுது, உடைஞ்சா துண்டு அந்த வேகத்துலதான் பறக்கும். டிஸ்க் சுத்துற கோட்டுக்கு நேரா முகத்தை வைக்காதீங்க.

கேள்வி: நாங்க அரும்பாவூர் பக்கம். வாகை மரத்துல சாமி சிலை செய்யற குடும்பம். பையன் மெஷின் வாங்கணும்ங்கறான், பெரியவங்க உளி போதும்ங்கறாங்க. (பெரம்பலூர் மாவட்டம்)

பதில்: அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சதே அந்தக் கை வேலைக்குத்தான், ஒரே மரக்கட்டையில முழு உருவத்தையும் எடுக்கிற பழக்கத்துக்கு. ஆனா இந்தச் சண்டையில ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்குங்க. உளி வெட்டின இடத்தை விரலால தடவிப் பாருங்க, வழவழன்னு இருக்கும், ஏன்னா கூர் முனை நாரை அறுத்துட்டுப் போகுது. மெஷின் பிட் நாரை அரைச்சு எடுக்குது, அதனால மேல ஒரு பஞ்சு மாதிரி நிக்கும், அப்புறம் உப்புத்தாள் போட்டு தேய்க்கணும். உருவம் எடுக்குறது, முகம், உடம்பு மடிப்பு எல்லாம் உளியிலயே செய்யட்டும். உளி போகாத இடம் இருக்கே, கிரீடத்துக்குள்ள இருக்கிற சின்ன ஓட்டை, விரல் இடுக்கு, மாலை முத்துக்கு நடுவுல, அங்க 1 மில்லி பிட் ரொம்ப உதவும். தேய்க்கிற வேலையிலயும் நிறைய நேரம் மிச்சமாகும். பையன் உளி பிடிக்கக் கத்துக்கிட்டதுக்கு அப்புறம் மெஷின் வாங்கிக் குடுங்க, அந்த வரிசை மாறக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன். மரத்தோட நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு உளிதான் கைக்குச் சொல்லிக் குடுக்கும், மெஷின்ல அது தெரியவே தெரியாது.

கேள்வி: கண்ணாடியில பேர் போடும்போது ஒரு டம்ளர் அப்படியே வெடிச்சு பொடியாயிடுச்சு. ஏன்? எப்படித்தான் செய்யணும்? (சேலம்)

பதில்: உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, அதுவே பெரிசு. அது டஃபன்டு கண்ணாடியா இருந்திருக்கும். சூடு பண்ணி சட்டுன்னு குளிர வெச்சு செய்யறது, வெளிப்பக்கம் நெருக்கி இறுகியும் உள்பக்கம் இழுத்துக்கிட்டும் இருக்கும், மேல இருக்கிற அந்த இறுக்கத்தை வெட்டிட்டு பிட் உள்ள போனதும் மொத்தமா பொடிப்பொடியா உதிர்ந்துடும். கீழ போட்டாலும் உடையாதுன்னு விக்கிற டம்ளர், கார் கதவுல இருக்கிற ஜன்னல் கண்ணாடி, ஷவர் கதவு, மொபைல் ஸ்கிரீன் கார்டு, இதுல எதுலயும் பிட்டை வைக்காதீங்க. டம்ளர் அடியில டெம்பர்டுன்னு (டஃபன்டோட இன்னொரு பேர்) போட்டிருக்கான்னு பாருங்க, சந்தேகம் இருந்தா அதை ஒதுக்கிடுங்க. சாதாரண ஜூஸ் பாட்டில், ஜாம் பாட்டில், சாதாரண வீட்டு ஜன்னல் கண்ணாடி, முகம் பாக்குற கண்ணாடி நல்லா வரும்.

செய்யற விதம் இப்படி. டிசைனைப் பேப்பர்ல எழுதி பாட்டிலுக்கு உள்பக்கம் ஒட்டுங்க, வாய் சின்னதா இருந்தா வெளியில மார்க்கரால வரைஞ்சுக்கலாம். கீழ ஒரு கருப்புத் துணி, அதுமேல ஈரத் துண்டைச் சுருட்டி பாட்டிலை அதுல உக்கார வைங்க, உருளாது. பிரஷ்ஷால தண்ணி தொட்டு எழுதப் போற இடத்துல தடவுங்க, காயக் காயத் தடவிக்கிட்டே இருங்க. சின்ன உருண்டை பிட்ல முதல்ல ஓரக் கோடு, வேகம் குறைவா, ஒரே தடவையில ஆழமா போகாம மூணு நாலு தடவை மேல மேல போங்க. அப்புறம் பெரிய உருண்டையால உள்ள நிரப்பலாம். பிட்டைக் காலெட்டுக்குள்ள நல்லா ஆழமா சொருகுங்க, நீளமா வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா நுனி ஆடும். தண்ணியும் கரண்டும் பக்கத்துல இருக்கிறதால வீட்டுல ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கிற லைன்ல சொருகுங்க, 30 மில்லி ஆம்பியர்னு அதுமேல போட்டிருக்கும். மெஷின் கைக்குத் தண்ணி வழிஞ்சா உடனே நிறுத்திடுங்க.

கேள்வி: மெஷினே இல்லாம ஆசிட் வெச்சு கண்ணாடியில எழுதலாம்னு வீடியோவுல பாத்தேன். (தூத்துக்குடி)

பதில்: வேணாம். கண்ணாடியைக் கரைக்கிற ஆசிட் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட். தோல்ல பட்டா சில சமயம் உடனே எரியாது, ஆனா உள்ள இறங்கி உடம்புல இருக்கிற கால்சியத்தைப் பிடிச்சுக்கும், இதயம் வரைக்கும் பாதிக்கும். கடையில எச்சிங் கிரீம்னு விக்கிறதும் ஃப்ளோரைடு கலந்ததுதான், வீரியம் கம்மி, அவ்வளவுதான் வித்தியாசம். குழந்தைங்க இருக்கிற வீட்டுல அதையும் வைக்காதீங்க.

கேள்வி: அப்பார்ட்மென்ட் பால்கனியில வேலை செய்யறேன், ஒன்றரை வயசுக் குழந்தை இருக்கு. தூசி பயமா இருக்கு. (சென்னை, வேளச்சேரி வாசகி)

பதில்: பயப்பட வேண்டிய விஷயத்துக்குத்தான் பயப்படுறீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லயே மரத்தூளை மனுஷனுக்குப் புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியான முதல் பிரிவுல சேர்த்துடுச்சு, அதுவும் முக்கியமா மூக்கு சம்பந்தப்பட்டது. அது வருஷக்கணக்கா பட்டறையில தூசி சுவாசிச்சவங்களைப் பாத்துச் சொன்னது, அதுக்காக நாம அலட்சியமா இருக்க முடியாது. என்95 மாஸ்க் போடுங்க, துணி மாஸ்க் நுண்ணிய தூசியை நிறுத்தாது. தோதகத்தி (ரோஸ்வுட்) மாதிரி மரத்தூள் சிலருக்கு தோல்ல அரிப்பு, தடிப்பு குடுக்கும். கண்ணாடியில தண்ணி போட்டு வேலை செஞ்சா தூசி பறக்காது, ஆனா அந்த வெள்ளைச் சேறு காஞ்சா பறக்கும், அதனால காயறதுக்குள்ள ஈரத்துணியால துடைச்சு எடுத்துடுங்க, விளக்குமாறு போட்டுப் பெருக்காதீங்க. பால்கனி கதவை மூடிட்டு, வேலை முடிஞ்சதும் மேல போட்ட துணியை மாத்திட்டு அப்புறம் குழந்தையைத் தூக்குங்க.

கண்ணுக்குப் பக்கவாட்டும் மூடுற கண்ணாடி, எப்பவும். துப்பட்டா, முந்தானை, கழுத்துல தொங்குற ஐ.டி. கார்டு கயிறு எல்லாத்தையும் எடுத்துட்டு, முடியைக் கொண்டை போட்டுக்கோங்க. கையில துணி கிளவுஸ் வேணாம், சுத்துற பிட் நூலைப் பிடிச்சா விரலையும் சேர்த்து இழுத்துடும்.

கேள்வி: டென்டல் லேப்ல இருக்கிற மைக்ரோமோட்டார் சிற்ப வேலைக்கு நல்லதுன்னு நண்பர் சொல்றார். நான் காலேஜ் படிக்கிறேன், புளியங்கொட்டை, தேங்காய் ஓடு, சின்ன மரப்பாச்சி மாதிரி ரொம்பச் சின்ன வேலைதான் செய்யறேன். (தஞ்சாவூர்)

பதில்: உங்க நண்பர் சொன்னது சரிதான் தம்பி. மோட்டாரே கைப்பிடிக்குள்ள இருக்கும், கன்ட்ரோல் பாக்ஸ் மேஜை மேல தனியா இருக்கும், வேகம் 30,000, 35,000 வரைக்கும், அதிர்வு ரொம்பக் கம்மி, பேனா பிடிக்கிற மாதிரி பிடிக்கலாம். 2.35 மில்லி காம்பு பிட் மட்டும்தான் போகும், அது டென்டல் சாமான் விக்கிற கடையில எல்லா வடிவத்துலயும் கிடைக்கும். உங்க அளவு வேலைக்கு சாதாரண ரோட்டரி டூலை விட இதுதான் பொருத்தம். ஆனா இழுவை கம்மி, பெரிய மரக்கட்டையில அழுத்தி வேலை வாங்கினா கைப்பிடி சூடாகி பேரிங் போயிடும். அந்த கைப்பிடி கீழ விழுந்தாலும் பேரிங் போகும், அதனால ஸ்டாண்டோட வாங்குங்க. தேங்காய் ஓட்டுத் தூள் கருப்பா எல்லா இடத்துலயும் ஒட்டும், கைப்பிடிக்குள்ள போகாம இருக்க வேலை முடிஞ்சதும் பிட்டைக் கழட்டாம வெச்சுட்டு வெளிய பிரஷ் போட்டுத் துடைங்க, வாயால ஊதாதீங்க.